நாலு மணி பேஷண்ட்

என் மருமகள் ஜெயசித்ரா இங்கிலீஷ் பரீட்சையில் தோற்றுப்போக வேண்டும் என்று சிறுவாச்சூர் காளியிடம் வேண்டிக்கொண்டவள் நான்தான். அவள் தோற்றும் போனாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால், இவ்வளவு நேரம் நல்லவள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தாளே என்று நினைப்பீர்கள். நான் நல்லவள் என்று எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அரும்பாவூரில் வந்து வீரம்மாள் வீடு எது என்று கேட்டால், சத்தம் எங்கே வருகிறதோ அங்கே போங்கள் என்பார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. ஒன்றரை ஏக்கர் காடு இருக்கிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம். ஒரே மகன் மகேஷ். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஜெயசித்ராவை அவனுக்குக் கட்டி வைத்தோம். தா.பழூர்ப் பெண். கல்யாணமாகிப் பதினான்காவது மாதம், வேலை முடிந்து பைக்கில் வந்தவன் மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

காரியம் முடிந்த மறுநாள் அவள் அண்ணன் அன்பழகன் தங்கையைக் கூட்டிப்போகக் காரோடு வந்தான். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. இவள் வாசலில் நின்று, "நான் இங்கயே இருக்கேண்ணா. அத்தைக்கு யாரு இருக்கா?" என்றாள். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. "எனக்கு யாரும் வேணாம், நீ போயி உன் பொழப்பப் பாரு" என்று கத்தினேன். அவள் பதில் பேசாமல் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

மறுவாரம் வேலைக்குக் கிளம்பியவள் நெற்றி காலியாக இருந்தது. நான் வழியை மறித்து நின்று, அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டி அனுப்பினேன். எதிர்வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் திறந்தேன், அவள் மூடிக்கொண்டாள். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்று ஆகிவிட்டோம். நான் திட்டுவேன், அவள் சிரிப்பாள்.

போன வருஷம் அவளோடு வேலை பார்த்த வினோதினி அயர்லாந்துக்குப் போனாள். அதிலிருந்து இவளுக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டது.

"அங்க நர்ஸுக்கு ஆளே கெடைக்கலயாம் அத்தை. இங்கிலீஷ் பரீட்சை மட்டும் பாஸ் பண்ணிட்டாப் போதுமாம்."

"இங்க மட்டும் ஆளு கெடைக்குதா? பெரம்பலூர்ல நோவு வர்றவன்லாம் மனுசன் இல்லியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் நினைப்பை விடவில்லை.

பரீட்சை நர்ஸுகளுக்கென்றே வைப்பது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. பயிற்சி வகுப்பெல்லாம் திருச்சியில். ஷிப்ட் வேலைக்குப் போகிறவள் எங்கே திருச்சிக்கு அலைவாள்? போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள்.

விடிந்ததும் பஸ் பிடிப்பவள் இரண்டு மணிக்கு வேலை முடிந்து நாலு மணிக்கு வீடு வருவாள். நான் டீ போட்டு வைத்திருப்பேன். குடித்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வருவாள். பட்டறை என்றால் வெங்காயம் அழுகாமல் இருக்கக் குச்சியால் காற்றாட நீளமாகக் கட்டி மேலே கீற்று வேய்ந்திருப்போமே, அதுதான். அதன் நிழலில் நான் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு எதிரே உட்கார்ந்து, குடித்து முடித்த டம்ளரைக் கவிழ்த்து, அதில் போனைச் சாய்த்து வைப்பாள். கோட்டுப் போட்ட ஒரு பெண் அதில் வந்து பேசுவாள். ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துவாள், இவள் அதைத் திருப்பிச் சொல்லுவாள். புரியாவிட்டால் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்பாள். அப்போது அந்தப் பெண் கள் குடித்தவள் மாதிரிக் குழறுவாள். எனக்குச் சிரிப்பாக வரும். இவள் சிரிக்காமல் அதே வரியைப் பத்துத் தடவை, பதினைந்து தடவை சொல்லுவாள். பிறகு தான் பேசியதைப் பதிவு செய்து போட்டுக் கேட்டு, முகம் சுளித்துக்கொண்டு, மறுபடியும் சொல்லுவாள்.

"ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ அண்டர்ஸ்டாண்ட்னு என்னத்தடி அண்டர்ஸ்டாண்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுன்னு பேஷண்ட்டுகிட்ட சொல்றது அத்தை."

"என் கஷ்டம் புரியுதா உனக்கு?"

"வெங்காயம் வெல போவல. அதானே?"

அது இல்லை. ஆனால் நான் சொல்லவில்லை.

நாளாக நாளாக அவள் நாக்கில் அந்தப் பேச்சு உட்கார ஆரம்பித்தது. இவள் பாஸ் பண்ணினால் போய்விடுவாள். போனால் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ, யாருக்குத் தெரியும். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுச் சிறுவாச்சூருக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். கூட்டத்தில் இடிபட்டு முன்னால் போய் நின்று, "ஆத்தா, அவ பெயிலாயிடணும். என்னோடவே இருக்கணும். இருந்தா மாவிளக்குப் போடுறேன்" என்று சொன்னேன். சொன்ன கையோடு குங்குமம் வாங்கி வந்து அவள் நெற்றியிலும் வைத்தேன். பாவி, பரீட்சைக்குத்தான் வைக்கிறேன் என்று நினைத்துக் காலில் விழுந்தாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மற்ற மூன்றிலும் தேறிவிட்டாள், பேசுவதில் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது. டீயைக் கையில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தவள், "போச்சு அத்தை" என்றாள். அழவில்லை. டீயைக் குடித்தாள், டம்ளரைக் கழுவினாள், காய்ந்த துணியை எடுத்து மடித்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அது அவள் துணி மடித்து முடிக்கும் வரைக்கும்தான் இருந்தது. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகேஷ் போன அன்று ராத்திரியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் அவளே சொன்னாள். "இன்னொரு தடவை எழுதப் போறேன் அத்தை. சிறுவாச்சூருக்குப் போயி ஒரு வேண்டுதல் வச்சுக்கிட்டு வருவோமா?"

ஆத்தாளுக்கு நான் மாவிளக்கு பாக்கி வைத்திருக்கிறேன். அந்தக் கோயிலில் மாவை வீட்டில் இடித்துக் கொண்டுபோகும் பழக்கம் இல்லை. ஊறவைத்த அரிசியை எடுத்துப்போய் அங்கே இருக்கும் உரலிலேயே இடிக்க வேண்டும். இவள் பெயிலானதற்கு நான் மாவு இடிக்க, பக்கத்தில் இவளே நின்று வெல்லம் எடுத்துக் கொடுப்பாளா? கால் வலி என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். வேண்டிக்கொண்டு செலுத்தாமல் விட்டவர்கள் வீட்டில் என்னென்ன நடக்கும் என்று கதை கதையாகக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு ஏதாவது ஆனால் பரவாயில்லை. இவளோ தினமும் மகேஷ் அடிபட்ட அதே ரோட்டில்தான் பஸ்ஸில் போய் வருகிறாள். நாலு மணிக்கு அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும் வரை எனக்கு உயிர் இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் அவள் ஒரு புது வீடியோ பார்த்தாள். போனைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் பரீட்சையில் ஆளைப் பார்த்ததும் மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்துவிடுகிறார்கள், அதனால் வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பேசிப் பழகுங்கள் என்று அதில் சொன்னார்களாம். பரீட்சையில் ஒருவர் கையில் இருக்கும் அட்டையில் எழுதியபடி பேஷண்டாக நடிப்பாராம், இவள் நர்ஸாக ஐந்து நிமிஷம் அவரிடம் பேச வேண்டுமாம்.

"அத்தை, நீங்க பேஷண்ட்டா இருங்களேன்."

"எனக்கு என்னடி இங்கிலீஷ் தெரியும்?"

"நீங்க தமிழ்லயே பேசுங்க. நான் இங்கிலீஷ்ல பதில் சொல்றேன்."

"நீ சொல்றது எனக்குப் புரியணுமே."

"புரியலன்னா மூஞ்சியச் சுளிங்க. நான் வேற மாதிரி, எளிமையா சொல்றேன். பரீட்சைல அதுக்கும் மார்க்கு இருக்கு."

செய்த பாவத்துக்கு இதையாவது செய்வோம் என்று ஒப்புக்கொண்டேன். முதல்நாள் எனக்குச் சர்க்கரை, காலில் புண். அவள் புண்ணைப் பற்றி இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னாள். நான், "சக்கரையெல்லாம் எனக்கு ஒண்ணும் கெடையாது. இது செருப்புக் கடிச்சது. மாத்திரை வேணாம், வேப்பெண்ணெ போட்டா ஆறிடும்" என்றேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். "அத்தை, அட்டைல அப்படி இல்ல. நீங்க சரின்னு சொல்லணும்."

"உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவ எவளாச்சும் அட்டையப் பாத்துப் பேசுறாளா? எம் புண்ணு, நான் அப்படித்தான் பேசுவேன்."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெயிலான பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். அதற்காகவே நான் மறுநாளும் பேஷண்டானேன்.

அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு எனக்கு ஒரு வியாதி வந்தது. ஒருநாள் மூட்டுவலி, ஒருநாள் ரத்தக்கொதிப்பு, ஒருநாள் கண்ணில் புரை. கையில் அரிவாள் பாட்டுக்கு வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்கு அவளிடம் மல்லுக்கு நிற்கும். அவள் பார்க்கிற வீடியோவை எனக்கும் அனுப்பச் சொன்னேன். மத்தியானத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவள் நர்ஸைப் பார்ப்பாள், நான் பேஷண்டைப் பார்ப்பேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஊசி என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை அப்படியே மறுநாள் செய்து காட்டினேன். இவள் அசந்துபோனாள். ஊசியை விட்டுவிட்டு, ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்று கேட்டாள். அட, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அவள் பேச்சில் வீடியோக்காரி குறைந்து என் மருமகள் கூடிக்கொண்டே வந்தாள். எனக்கும் அவள் சொல்வது பாதிக்கு மேல் புரிய ஆரம்பித்தது.

மாசியில் ஒரு புதன்கிழமை. வழக்கம்போலப் போனைப் பதிவில் போட்டு டம்ளரில் சாய்த்து வைத்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சி அத்தை. வூட்டுக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா வூட்ல யாருமில்ல. தனியா இருக்கணும். நீங்க போவ மாட்டேன்னு அடம் புடிக்கிறீங்க."

அவள் ஆரம்பித்தாள். நான் கையில் இருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படவில்லை, காத்திருந்தாள். பிறகு மெதுவாக, இங்கிலீஷில்தான், எதை நினைத்து உங்களுக்கு ரொம்பப் பயம் என்று கேட்டாள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

"டம்ளரை நெனச்சித்தான் நர்ஸம்மா" என்றேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"எம் மவன் போன பொறவு ஒரு மாசம், டீ போடறப்பல்லாம் கை தன்னால மூணு டம்ளர் எடுக்கும். அப்பறம் ஞாபகம் வந்து ஒண்ணத் திரும்பக் கவுத்து வைப்பேன். இப்ப ரெண்டு எடுக்கறேன். இன்னொண்ணயும் கவுத்து வைக்க எனக்குத் தெம்பு இல்ல. அந்தப் பயத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். எம் மருமவ பரீட்சைல பெயிலாவணும்னு காளிகிட்ட வேண்டிக்கிட்டேன். அவளும் பெயிலாயிட்டா. அதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல நர்ஸம்மா."

சொல்லி முடித்துவிட்டேன். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். காய்ந்த தாள் அறுக்கும்போது வெங்காயம் கண்ணை எரிக்காது, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அதன் மேல் பழி போடவும் வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறு போட்டு வைத்தாள், "சாப்புடுங்க" என்றுகூடச் சொல்லவில்லை. நாலு மணிக்கு வந்தாள், டீயைக் குடித்தாள், போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். புதன்கிழமைப் பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். என் குரல்தான் கேட்டது. நான் திரும்பி வந்துவிட்டேன். இவள் அண்ணனுக்குப் போன் போடுவாள், வெள்ளிக்கிழமை கார் வந்து நிற்கும் என்று நினைத்தேன். வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்றும் முடிவு பண்ணினேன். என் ஆயுசில் நான் அப்படி ஒரு முடிவு எடுத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டிருந்தாள். காலையில் குளித்துவிட்டு வந்தவள் கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே ஊறவைத்த பச்சரிசி.

"கெளம்புங்க அத்தை. சிறுவாச்சூருக்கு."

"எதுக்கு?"

"ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டீங்கல்ல. அவ சொன்னதச் செஞ்சிட்டா. நீங்க செலுத்த வேணாமா?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க வெளியே பார்த்தபடி வந்தாள். கோயிலில் கூட்டம். உரல் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அரிசியைக் கொட்டி, ஆளுக்கொரு உலக்கையாக எடுத்தோம். நான் ஒரு போடு, அவள் ஒரு போடு. நாலைந்து போடு போட்டதும் கேட்டேன்.

"எம்மேல கோவமா இருக்கியா?"

"இருக்கேன். கோவத்தோடதான் இடிக்கிறேன். பாருங்க, மாவு எவ்ளோ நைசா வருதுன்னு."

இன்னும் இரண்டு போடு ஓங்கிப் போட்டுவிட்டு அவளே சொன்னாள்.

"நான் பெயிலானது உங்க வேண்டுதலால இல்ல அத்தை. அந்தப் பரீட்சைல பேஷண்ட்டா வந்தவங்க ஏதோ பயந்து பயந்து சொன்னாங்க. நான் அவங்க பேசுனதக் கேக்கவே இல்ல. வீடியோல மனப்பாடம் பண்ணத ஒப்பிச்சிட்டு வந்துட்டேன். அதனால அது இல்ல என் கோவம்."

"பின்ன?"

"போவாதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். எங்கிட்ட கேக்காம பஸ் ஏறி வந்து இவகிட்ட கேட்டீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. உலக்கையை நிறுத்திவிட்டேன். "கேட்டா நீ இருந்துடுவேன்னு தெரியும்டி. அதனாலதான் உங்கிட்ட கேக்கல" என்றேன்.

அவளும் நிறுத்தினாள். பின்னால் உரலுக்குக் காத்திருந்த பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பக் கேளுங்க" என்றாள் ஜெயசித்ரா. "இருன்னு கேளுங்க அத்தை. இன்னிக்கே அந்தப் பரீட்சைய விட்டுர்றேன். சத்தியமா."

பொய் சொல்கிற பெண் இல்லை அவள். ஒரே ஒரு வார்த்தைதான். நான் கோயிலுக்கு வந்து, பொய் சொல்லி, காளியிடம் கெஞ்சிக் கேட்டதை இவள் சும்மா தூக்கிக் கொடுக்கிறாள். எனக்கு அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. நெற்றியில் பொட்டு வியர்வையில் நகர்ந்து, கையில் உலக்கையோடு நிற்கிறாள். இருபத்தொன்பது வயது. பெட்டியை உள்ளே தூக்கிப்போன அன்றைக்கு இருபத்தைந்து. என் பிள்ளையின் பெண்டாட்டி என்பதற்காக ஒருத்தி எத்தனை வருஷம் வெங்காயப் பட்டறை ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்?

"போயிட்டு வா" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலக்கையைத் தூக்கினாள். இரண்டு பேரும் இடித்து முடித்தோம். வெல்லம் சேர்த்து, பிடித்து, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றித் திரி போட்டோம். பழைய வேண்டுதலைச் செலுத்தியாயிற்று. விளக்கு எரியும்போது அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் ஆத்தாளிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கு அப்போது வாயும் இல்லை.

சித்திரையில் இரண்டாவது பரீட்சை. இந்தத் தடவை சென்னைக்கு நானும் போனேன். மூன்று மணி நேரம் எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் ரோட்டைக் கடக்கும்போதே கையை ஆட்டினாள்.

"பேஷண்ட்டா வந்தவங்க ரொம்பக் கோவமாப் பேசுனாங்க அத்தை. மாத்திரை போட மாட்டேன்னுட்டாங்க. எனக்குச் சிரிப்பே வந்துடுச்சி. நீங்க படுற கோவத்துல காவாசிகூட இல்ல."

"நீ என்ன கேட்ட?"

"ஏன் வேணாங்கறீங்கன்னு கேட்டேன். சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன்."

பாஸ் பண்ணிவிட்டாள்.

ஆவணியில் விமானம் ஏறினாள். திருச்சி ஏர்போர்ட்டில் அன்பழகன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, இவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பாத்து நட, முன்னாடி பாத்து நட" என்று கத்தினேன். போலீஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அழுகிறவளை அவருக்குப் பழக்கம் இருக்கும், அழுதுகொண்டே திட்டுகிறவளைப் பார்த்திருக்க மாட்டார்.

அவள் போய் இறங்கிய மறுநாள். நாலு மணி. பட்டறைக்குப் போகவில்லை, அடுப்படியில்தான் நின்றிருந்தேன். டீ கொதித்தது. நான் எதுவும் நினைக்கவில்லை, கைதான் போய் இரண்டு டம்ளரை எடுத்து வைத்தது. பார்த்தேன். இந்த நாளுக்குத்தானே ஒரு வருஷமாகப் பயந்தேன் என்று தோன்றியது. ஒரு டம்ளரில் டீயை ஊற்றினேன். இன்னொன்றைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். திரும்ப வைக்க முடியவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போன் அடித்தது. வீடியோவில் அவள். ஏதோ ஒரு வெள்ளைச் சுவர், இவள் குளிருக்கு மகேஷின் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள்.

"டீ குடிச்சிட்டீங்களா அத்தை? இங்க இப்பத்தான் பதினொன்றரை ஆவுது. நாலு மணிக்குப் போட்டுருப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்ததில் கையிலிருந்த போன் கூரைப் பக்கம் திரும்பிவிட்டது.

"மூஞ்சியே தெரியல, ஓடுதான் தெரியுது. போன எதுலயாச்சும் சாச்சி வையுங்க."

அந்த இரண்டாவது டம்ளரைக் கவிழ்த்து, போனை அதில் சாய்த்து வைத்தேன். "இப்பத் தெரியுதா?"

"தெரியுது. அழுவுறீங்க."

"அழுவல."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டறையில் கேட்பாளே, அதே நர்ஸ் குரலில், இன்றைக்கு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"கொஞ்சம் பயமாத்தான் இருக்கு நர்ஸம்மா" என்றேன். "டம்ளர மட்டும் திரும்ப உள்ள வைக்கல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் டீயை எடுத்துக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.